நேற்றைய கடற்கரை

புள்ளிகள் எல்லாம் தட்டின் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன.

கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அப்பிக்கொள்ளும் அந்த வெதுவெதுப்பும், ஈரச் சாக்கை மூலையில் சுருட்டிப் போட்டு மறந்தது போன்ற அந்த வாடையும் அவளுக்குப் பழகிப்போனவை. மூக்கு அவற்றைக் கண்டுகொள்வதைவிட்டு வருடங்களாகின்றன. ஆனால் இது பழகியதல்ல. கிருமிகளுக்கு ஒழுக்கம் கிடையாது. சோறு கிடைத்த இடத்தில் குடும்பம் நடத்தும், தட்டு முழுக்க இறைந்து கிடக்கும். இவையோ பஸ் வந்ததும் ஒரே கதவுக்கு ஓடும் கூட்டம் மாதிரி ஒரு ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மீதித் தட்டு காலி.

மூடியில் நீர் கோத்து ஒரு பக்கமாக வழிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எண்ணினாள். எண்ணிக்கை வரம்புக்குள்தான் இருந்தது.

லேபில் எல்லோரும் அவளை மணலக்கா என்பார்கள். கடற்கரை மணலை அள்ளிவந்து, சுத்தமான தண்ணீரில் போட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரை வடிதாளில் வடிகட்டி, தாளைத் தட்டில் வைத்து என்ன முளைக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. கடல் தண்ணீரைப் பற்றித்தான் ஊரே கவலைப்படும். கடலாவது அலசிக்கொண்டே இருக்கிறது. மணல் எதையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பாள் அவள். காயத்தில் சீழ் வைப்பது, வயிற்றைக் கலக்குவது, காதுக்குள் போய்க் குடியிருப்பது என்று அதற்குள் இல்லாத சரக்கு இல்லை.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கிருமி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர ஒரு நாள் வேண்டும். இன்று அள்ளிய மணல் நாளைக் காலைதான் வாயைத் திறக்கும். ஆகவே கரையில் நிற்கிற எச்சரிக்கைப் பலகை பச்சையாக இருந்தால், நேற்று நன்றாக இருந்தது என்று மட்டும்தான் பொருள். இன்றைக்கு எப்படி என்பது நாளைக்குத் தெரியும். ஊருக்கு இதெல்லாம் தெரியாது. பச்சையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். இதைத் தெரிந்துவைத்திருந்தவள் அவள். அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் எழுதிக் கொடுத்த பச்சையையே நம்பி, மகளின் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

மகளை வீட்டில் சிட்டு என்பார்கள். குழந்தைகளுக்கென்று கயிறு கட்டி ஒதுக்கிய விளையாட்டுத் திடலில் சிட்டு குழி தோண்டினாள், அப்பாவின் காலைப் புதைத்தாள், ஓடினாள், விழுந்தாள். உடைந்த கிளிஞ்சல் ஒன்று முழங்காலைக் கிழித்துவிட்டது. காயத்துக்குள் மணல் போயிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா?" என்றான் கணவன்.

"இதுக்குப் போயா? பலகை பச்சையாதானே இருக்கு. நான் சொல்றேன்ல," என்று பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டாள். குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள். அழுகை நின்றது.

மறுநாள் காலை, அந்த ஞாயிற்றுக்கிழமையின் தட்டு கருநீலமாக இருந்தது. எண்ணவே முடியவில்லை. புள்ளிமேல் புள்ளி ஏறி, தாள் தெரியாமல் மூடியிருந்தது. மூடிவைத்த தட்டிலிருந்தே வாடை வந்தது. அவள் பலகையைச் சிவப்பாக்கச் சொன்னாள், கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தாள். அடுத்த நாளே எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிட்டது. பலகை மறுபடி பச்சை.

எண்ணிக்கை இறங்கிய அன்றுதான் அவை ஒதுங்கத் தொடங்கின.

"சார், ஒரு பக்கமாவே வளருது சார்," என்று ஆபீசரிடம் தட்டை நீட்டிக் காட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, தட்டைத் தொடாமலே பார்த்தார். "எத்தனைம்மா இருக்கு?"

"வரம்புக்குள்ளதான் சார்."

"அப்புறம் என்ன? எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க. எந்தப் பக்கம்னு யாரு கேட்டா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அறிக்கையில் எண்ணிக்கைக்குக் கட்டம் இருந்தது. திசைக்குக் கட்டம் இல்லை.

வீட்டில் காயம் ஆறவில்லை. அதுவும் வினோதமாக ஆறாமல் இருந்தது. சீழ் இல்லை, வீக்கம் இல்லை. டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, "மண்ணு போயிருக்கும், கழுவிக்கிட்டே இருங்க, சரியாயிடும்" என்றார். அவளும் தினமும் கழுவினாள். நட்சத்திரப் படம் போட்ட பிளாஸ்டரை உரித்தால் உள்ளே நாலைந்து மணல் துகள்கள். கழுவித் துடைத்துப் புதுசு ஒட்டுவாள். அடுத்த நாள் உரித்தால் அதைவிடக் கொஞ்சம் அதிகம். பார்த்துப் பார்த்துப் பழகிய மணல் அது. பொடியும் பரலுமாக, நடுநடுவே கிளிஞ்சல் சில்லு மின்னும் மணல்.

"நீதான் நல்லா கழுவல. ஊரு மணலையெல்லாம் கழுவுற, பெத்த பொண்ணு காலைக் கழுவத் தெரியல," என்றான் கணவன், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். வீட்டிலிருந்தபடியே கணக்கு பார்க்கிற வேலை அவனுக்கு. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் வீடு இடிந்தாலும் தெரியாது. அவள் பிளாஸ்டரை ஒட்டி முடித்தாள். அந்தச் சொல் நெஞ்சில் போய்த் தைத்தது, அவ்வளவுதான்.

சிட்டு குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கத் தொடங்கினாள்.

"தண்ணி ஊத்தாதம்மா. கரைஞ்சிடுவேன்."

"கரையறதுக்கு நீ என்ன சர்க்கரையா? வாடி இங்க."

இருவரும் சிரித்தார்கள். குளித்து முடித்த பிறகு பார்த்தால் குளியலறைச் சல்லடையில் ஒரு கைப்பிடி மணல் தங்கியிருந்தது. சிட்டு கடற்கரைப் பக்கம் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் அதை அள்ளி, கணவன் பார்ப்பதற்குள் குப்பையில் போட்டாள்.

லேபில் ஒரு சோதனை செய்து பார்த்தாள். தட்டுகளின் அடியில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைத்தாள். சிலவற்றை மேல் அடுக்கில், சிலவற்றைக் கீழே, ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த அறையிலிருந்த பழைய இன்குபேட்டரில். காலையில் எல்லாவற்றையும் எடுத்து, இருந்த நிலை மாறாமல் மேசையில் வைத்துப் பார்த்தாள். கோடுகள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, புள்ளிகள் எல்லாம் சாலைப் பக்கச் சுவரை நோக்கியே ஒதுங்கியிருந்தன. அடுத்த அறைத் தட்டும்தான்.

கண்ணாடிச் சாமான் கழுவுகிற பாட்டிலண்ணன் எட்டிப் பார்த்தான். வயதில் அவளுக்கு மூத்தவன், ஆனாலும் அவளை அக்கா என்பான். அவளும் அவனை அண்ணே என்பாள்.

"என்ன மணலக்கா, இதுங்களும் நம்மள மாதிரிதான் போல. வேலைக்கு வந்ததுலேருந்து வீட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்குதுங்க."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் சிரிக்கவில்லை. லேபுக்கு ஒரு பக்கம் கடல். மறு பக்கம் சாலை. சாலை மேடேறிப் போகிற இடத்தில், மூன்றாவது மாடியில், அவள் வீடு.

சனிக்கிழமை சிட்டுவை அவளுடைய அத்தை வந்து கூட்டிக்கொண்டு போனாள். அத்தையின் வீடு ஊரின் மறுகோடியில், பாலம் தாண்டி. சிட்டு இரவு அங்கேயே தூங்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டு பார்ப்பது மணலக்காவின் முறை. பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, இன்குபேட்டர் கதவை இழுத்தாள்.

புள்ளிகள் வாசல் பக்கம் ஒதுங்கியிருந்தன.

பாலம் வாசல் பக்கம்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே அலைச் சத்தம். உள்ளே இன்குபேட்டரின் முனகல். அதற்கும் கீழே, இத்தனை நாள் காதில் விழாத ஏதோ ஒன்று. மேசைமேல் ட்ரேயில் கொட்டி வைத்திருந்த மணல் பக்கமிருந்து வந்தது. உப்பைக் காகிதத்தில் கொட்டுவது போன்ற மெல்லிய சரசரப்பு. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ட்ரேயில் சமமாகப் பரப்பியிருந்த மணல், ஒரு ஓரமாக ஏறிக் குவிந்திருந்தது. வாசல் பக்க ஓரமாக.

அவள் எழுந்து ஓடியிருக்க வேண்டும். யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் படித்தவள் அல்லவா, பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. மணல் என் பொண்ணைத் தேடுது என்று ஆபீசரிடம் போய்ச் சொன்னால் லீவு கொடுத்து, நல்ல டாக்டராகப் பார்க்கச் சொல்வார். எண்ணினாள். வரம்புக்குள். கட்டத்தில் எழுதினாள். அன்றைக்கும் பலகை பச்சை.

அதன் பிறகு சிட்டுவை அவள் எங்கும் அனுப்பவில்லை. பள்ளிக்கு லீவு சொன்னாள். "வீட்டை விட்டு வெளிய விடாதீங்க, சொல்லிட்டேன்" என்று கணவனிடம் கறாராகச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குக் காயம், தூசி, ஏதேதோ சொன்னாள். தட்டுகள் சாலைச் சுவரைப் பார்க்கும்வரை குழந்தை வீட்டில் இருக்கிறாள். அதில் ஒரு நிம்மதிகூட அவளுக்கு இருந்தது. பிள்ளை எங்கே என்று தினமும் காலையில் லேபே சொல்லிவிடுகிறது.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

"மத்தியானம் காத்துல திறந்துக்கிச்சு போல. நான் மீட்டிங்ல இருந்தேன்," என்றான் கணவன். "அவ உள்ளதான் இருக்கா. இன்னிக்கு ரொம்ப சமத்து. சத்தமே இல்ல."

சிட்டு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜுரம் இல்லை. உடம்பு குளிர்ந்திருந்தது. பேசவில்லை. பிளாஸ்டரை உரித்தபோது ரத்தம் இல்லை, புண்ணின் சிவப்புகூட இல்லை. மணல் மட்டும். துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது, பொட்டலம் கிழிந்ததுபோல. பையில் எப்போதும் கிடக்கும் பஞ்சுக் குச்சியை எடுத்துக் காயத்தில் ஒற்றி, சோதனைக் குழாயில் போட்டு மூடினாள். லேபுக்கு ஓடிப்போய்த் தட்டில் தேய்த்து, இன்குபேட்டரில் வைத்துவிட்டு வந்தாள். வேறென்ன செய்வாள், அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. இரவு மகளின் நெற்றியில் முத்தமிட்டாள். உதட்டில் உப்புக் கரித்தது.

காலையில் எழுப்பவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தாள்.

வழியில் பாட்டிலண்ணன் கடற்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். "பலகையப் பச்சையாக்கிட்டேன் மணலக்கா. நேத்து கணக்குப்படி. இன்னிக்கு லீவு நாள்ல, கூட்டம் இப்பவே அள்ளுது."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். இன்குபேட்டரைத் திறந்தாள். முதலில் பஞ்சுக் குச்சித் தட்டை எடுத்தாள்.

காலி.

ஒரு புள்ளிகூட இல்லை. சரியாக முளைக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். ஆனால் மனிதத் தோலை ஒற்றி எடுத்தால் ராத்திரிக்குள்ளேயே ஏதாவது மங்கலாகவாவது தெரியும். அழுக்கிலும் தெரியும், குளித்துவிட்டு வந்தாலும் தெரியும். உயிருள்ள தோல் எதுவும் இத்தனை வெறுமையாக இருந்து அவள் பார்த்ததில்லை. கழுவிச் சுட்டு ஆறவைத்த கண்ணாடியில்தான் இப்படி இருக்கும். பிறகு மணல் தட்டுகளைப் பார்த்தாள்.

புள்ளிகள் சாலைச் சுவரை விட்டுவிட்டிருந்தன.

கடல் பக்கம். எல்லாத் தட்டிலும். கடல் பக்கம்.

நேற்று மதியத்துக்கு முன்பு வைத்த தட்டுகள். தட்டு எப்போதும் நேற்றையதைத்தான் சொல்லும்.

போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மறுபடி போட்டாள்.

"என்னம்மா, கால்ல இருக்கேன்."

"சிட்டு எங்க?"

"தூங்குறா."

"பாத்தீங்களா?"

"இப்பதான் பாத்தேன். போத்திக்கிட்டுத் தூங்குறா. ஃபேன் வேணாம், அணைங்கப்பான்னா. அணைச்சுட்டேன். எதுக்கு இப்படிப் பதறுற?"

மூச்சு வந்தது. ஃபேன் வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். பேசியிருக்கிறாள். வாசலில் நின்றாள். இந்தப் பக்கம் கடல், கயிறு கட்டிய திடல், குழந்தைகளின் கூச்சல். அந்தப் பக்கம் சாலை, மேடு, வீடு. தட்டு இந்தப் பக்கம் என்றது. கணவன் அந்தப் பக்கம் என்றான். வாழ்நாளெல்லாம் தட்டை நம்பியவள், அன்றைக்கு மட்டும் கணவனை நம்பினாள். மேட்டில் ஓடினாள்.

மூன்று மாடி. மூச்சு இரைத்தது. கதவு. கணவனின் முதுகு. ஹெட்போன். யாரிடமோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். அவள் வந்ததை அவன் கவனிக்கவில்லை.

அறைக்குள் காற்றில்லை. ஈரச் சாக்கு வாடை. இன்குபேட்டர் வாடை. இங்கே எப்படி?

கட்டிலில் போர்வை. போர்வைக்குள் சிட்டுவின் அளவு. ஏறி இறங்கியது. மூச்சுதான். மெல்ல ஏறி, மெல்ல இறங்கி.

ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஒரு சரசரப்பு.

போர்வையை விலக்கினாள்.

மணல். ஈர மணல். இரண்டு கால், இரண்டு கை, உள்ளங்கையில் ரேகைகூட. முழங்காலில் நட்சத்திரப் படம் போட்ட பிளாஸ்டர், நேற்று அவள் ஒட்டியது, அப்படியே. நெற்றியில் ஒரு சின்னப் பள்ளம். உதட்டின் அளவுக்கு. ராத்திரி அவள் முத்தமிட்ட இடம்.

மார்பு ஏறியது. இறங்கியது.

பின்னால் நகர்ந்தாள். முதுகு ஜன்னலில் முட்டியது. திரும்பினாள்.

லேபின் கூரைக்கு மேலாகக் கடற்கரை தெரிந்தது. நல்ல வெயில். பச்சைப் பலகை. திடலில் குழந்தைகள் கூட்டமாக உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில். வண்ண வண்ண வாளிகள், பிளாஸ்டிக் கரண்டிகள். ஒரு பொடிசு எதையோ பிடித்து இழுத்தது. வந்துவிட்டது. தூக்கிப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டியது. காற்றில் ஆடியது.

சிவப்பு ரிப்பன்.

நேற்றுக் காலை சிட்டுவுக்கு அவளே பின்னிவிட்டது. முடியோடு வந்திருந்தது.

குழந்தைகள் கைதட்டினார்கள். மறுபடி குனிந்து தோண்டத் தொடங்கினார்கள்.

ஜன்னலைத் திறக்க வேண்டும். கத்த வேண்டும். தோண்டாதீங்க, வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க. அவள் கொண்டியில் கை வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் காற்று இடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா."

கட்டிலிலிருந்து. தூக்கக் கலக்கத்தில் சிட்டு பேசுகிற அதே குரல். கொஞ்சம் கரகரப்பாக.

"திறக்காதம்மா. காத்து அடிச்சா கலைஞ்சிடுவேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே இன்னொரு குழந்தை கால் இடறி விழுந்து, எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டது.

"அம்மா."

கை கொண்டியை இறுகப் பூட்டிவிட்டது. அழுத்திவிட்டது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

கீழே பலகை பச்சையாக நின்றது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு தாய் குனிந்து தன் குழந்தையின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.